சுங்கை சிப்புட்டில் ஹாம் வானொலிக்குப் புதியவர்கள் வர என்ன செய்யலாம்?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும். ஹாம் வானொலி என்பது தேர்வெழுதி உரிமம் எடுத்த ஆர்வலர்கள் தங்கள் சொந்தக் கருவியில் அலைவழியே பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அந்த உரிமம் உள்ளவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் நாற்பது வயதுக்குக் கீழே நீங்கள் ஒருவர்தான். பள்ளியில் போய்ப் பேசிப் பார்த்தீர்கள், கடைத்தெருவில் சுவரொட்டி ஒட்டினீர்கள், ஒருவரும் திரும்பி வரவில்லை. "இது கிழவர்கள் விளையாட்டு" என்ற பேச்சை மாற்றி இளையோரை எப்படிக் கொண்டுவருவது என்பது உங்கள் கேள்வி.

நானும் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். உரிமம் எடுத்து இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. இந்த விஷயத்தில் நான் செய்து தோற்றதையும் செய்து பலித்ததையும் வைத்துப் பதில் சொல்கிறேன்.

முதலில் தோற்றது. ஒரு தமிழ்ப்பள்ளியில் நாற்பது நிமிடம் பேசினேன். மார்க்கோனியில் தொடங்கி மோர்ஸ், உலகப்போர், பேசியதை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பும் க்யூஎஸ்எல் அட்டைகளில் நான் சேர்த்து வைத்தவை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், வாட்ஸ்அப்பிலேயே லண்டனுக்குப் பேசலாமே?" என்றான். நான் வெள்ளம், நிலநடுக்கம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது அதற்குப் பதிலே இல்லை.

என் அப்பா பால்மரம் வெட்டிவிட்டு வந்து, சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்து சிற்றலையில் பிபிசியின் தமிழோசை தேடுவார். இரைச்சலுக்கு நடுவே லண்டனிலிருந்து தமிழ் வரும்போது அவர் முகம் மாறும். அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அவருக்குத் தூரம்தான் அதிசயம். இன்றைய பிள்ளைக்குத் தூரம் அதிசயமே இல்லை, பாட்டி வீட்டிலிருந்து துபாயில் இருக்கும் மாமாவை வீடியோவில் பார்க்கிறது. அதனால் "உலகம் முழுக்கப் பேசலாம்" என்று சொல்லி நாம் ஆள் சேர்க்க முடியாது. இதை நம் மூத்தவர்கள் ஒப்புக்கொள்வதுதான் முதல் வேலை.

பிள்ளைகளிடம் இல்லாதது வேறொன்று. கைப்பேசி ஏன் வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதைத் திறந்து பார்க்கவும் முடியாது. தானே அளந்து வெட்டிய கம்பியில் தானே ஓர் அலையைப் பிடித்த அனுபவம் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. அதை முதல் நாளே, முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நான் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது. சொற்பொழிவை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எப்படிக் கொடுப்பது? இங்கே நமக்கு ஒரு கொடை இருக்கிறது. நம் ஆட்களே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இந்தோனேசியாவின் லாப்பான்-ஏ2 என்ற செயற்கைக்கோள், ஹாம்கள் வைத்த பெயர் ஐஓ-86. அந்நாட்டு விண்வெளி நிறுவனம் அங்குள்ள அமெச்சூர் வானொலிச் சங்கமான ஓராரியோடு சேர்ந்து உருவாக்கியது. 2015 செப்டம்பர் 28 அன்று, நம் பாட்டன்கள் கப்பலேறிய சென்னையிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. பெரும்பாலான சிறு செயற்கைக்கோள்கள் துருவத்தை ஒட்டிச் சுற்றும். இது பூமத்திய ரேகையை ஒட்டி, 6 பாகைச் சாய்வில், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. சுங்கை சிப்புட் இருப்பது வடக்கே 5 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில். அதாவது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14 முறை அது நம் தலைக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஐரோப்பாவில் எத்தனை லட்சம் செலவழித்து நிலையம் வைத்திருந்தாலும் இதைக் கேட்க முடியாது, அவர்கள் தொடுவானத்துக்கு மேலே அது வருவதே இல்லை. நமக்குத் தோட்டத்துத் திடலில் நின்றால் போதும்.

அதில் குரல் ரிப்பீட்டர் ஒன்று, அதாவது வந்த குரலை வாங்கி மறுபடி பரப்பும் கருவி, இருக்கிறது. எந்நேரமும் திறந்திருக்காது, அறிவிக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். நாம் கேட்க வேண்டிய அலைவரிசை 435.880 மெகாஹெர்ட்ஸ். இந்த அலையின் நீளத்தைப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்: 300-ஐ 435-ஆல் வகுத்தால் 0.69 மீட்டர், அதில் பாதி 34 சென்டிமீட்டர் சொச்சம். எஃகு அளவு நாடாவை அந்த நீளத்தை ஒட்டி வெட்டி, பிவிசி குழாயில் மூன்று துண்டுகளைக் கட்டினால், காட்டும் திசையிலிருந்து அலையைப் பிடிக்கும் யாகி ஆன்டெனா தயார். புத்தகப் பைக்குள் அடங்கும். செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை 10 கிலோஹெர்ட்ஸ் வரை கூடித் தெரியும், விலகிப் போகும்போது அதே அளவு குறையும். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சுருதி இறங்குகிறதே, அதேதான். ஆகவே வானொலியை 435.890-இல் வைத்துத் தொடங்கி, மெல்ல மெல்ல இறக்கி 435.870-இல் முடிக்க வேண்டும்.

இரண்டாவது முறை பள்ளிக்குப் போனபோது இதைத்தான் செய்தேன். மேடையும் இல்லை, படக்காட்சியும் இல்லை. திடலில் பதினைந்து பிள்ளைகள், மூன்று யாகி. மேற்கே காட்டிக் காத்திருந்தோம். முதலில் இரைச்சல், அப்புறம் இரைச்சல் அடங்கி ஒரு மலாய்க் குரல், ஜாவாவில் எங்கோ இருப்பவர், உரிமத்தோடு கிடைத்த அடையாளமான தன் அழைப்புக்குறியைச் சொன்னார். ஆன்டெனாவைக் கையில் வைத்திருந்த பெண் பிள்ளை கையை லேசாகத் திருப்பினாள், குரல் தேய்ந்தது. மறுபடி திருப்பினாள், வந்தது. தன் கைதான் அந்தக் குரலைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருவரும் பேசவில்லை. அந்தப் பதினைந்து பேரில் நால்வர் மறுவாரம் தாமாக வந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 650 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது பார்க்கும் வட்டம் பெரியது. வங்காள விரிகுடாவுக்கு மேலே இருக்கும்போது சென்னையும் சுங்கை சிப்புட்டும் ஒரே நேரத்தில் அந்த வட்டத்துக்குள் இருக்கும். ரிப்பீட்டர் திறந்திருக்கும் நேரத்தில் உரிமம் உள்ள ஒருவர் நம் ஊரிலிருந்து அழைத்தால், தமிழ்நாட்டு ஹாம் ஒருவர் தமிழிலேயே பதில் சொல்ல வழி இருக்கிறது. இந்த ஒரு செய்தியைப் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள்.

அனைத்துலக விண்வெளி நிலையமும் அப்படித்தான். அதன் ரிப்பீட்டர் நமக்கு 437.800-இல் கேட்கும். சில நாட்களில் 145.800-இல் படம் அனுப்புவார்கள், பீப் பீப் என்று ஒரு விதப் பாட்டு போல வரும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ரோபாட்36 என்ற செயலியைத் திறந்து வானொலிக்குப் பக்கத்தில் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் படம் வரி வரியாக விரியும். நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் 2007 அக்டோபரில் அங்கே இருந்தபோது அமெச்சூர் வானொலி வழியாக மலேசிய மாணவர்களோடு பேசியதையும் சொல்லுங்கள். வானிலைப் படம் பிடிக்க ஆசைப்படும் பிள்ளை இருந்தால், பழைய வழிகாட்டிகளை நம்பி அமெரிக்காவின் பழைய நோவா வானிலைச் செயற்கைக்கோள்களைத் தேட வேண்டாம், இப்படிப் படம் அனுப்பியவற்றில் கடைசி மூன்றும் 2025-இல் ஓய்வுபெற்றுவிட்டன. ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசை 137 மெகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது. கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சின்னக் கருவியே அதற்குப் போதும். டிவி பார்க்கச் செய்த அந்த மலிவான கருவியை அகன்ற அலைவரிசை வானொலியாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். கேட்க மட்டுமே முடியும், அனுப்ப முடியாது. அதுவே தொடக்கத்துக்கு நல்லது. பிள்ளை பயமில்லாமல் எங்கு வேண்டுமானாலும் துழாவலாம், தவறு செய்து யாருக்கும் இடைஞ்சல் வராது.

சரி, பள்ளிப் பிள்ளைகளை விடுங்கள். நம் ஊரில் ஏற்கெனவே வானொலி பிடித்த கைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தீர்களா? தோட்டத்து ஜாகா, மண்டோர், செம்பனை லோரி ஓட்டுநர், கோயில் திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் இளைஞர் மன்றம், எல்லார் இடுப்பிலும் வாக்கி டாக்கி இருக்கிறது. தைப்பூசத்தன்று காவடிக்கு வழிவிடச் சொல்லி அதில் கத்துகிற பையனுக்குப் பொத்தானை அழுத்திப் பேசுவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களில் சிலர் இணையத்தில் வாங்கிய மலிவான கருவியை வைத்துக்கொண்டு, தெரியாமல் ஹாம்களுக்கென ஒதுக்கிய நம் 2 மீட்டர் அலைப் பட்டையில் பேசுகிறார்கள். நம் ஆட்கள் என்ன செய்கிறோம்? அலையிலேயே திட்டுகிறோம், புகார் செய்வோம் என்று மிரட்டுகிறோம். 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி அது குற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் நேரில் போய், "தம்பி, திருவிழா வேலைக்கு 477 மெகாஹெர்ட்ஸ் பொதுமக்கள் பட்டை இருக்கிறது, தேர்வெழுதாமலே பயன்படுத்தலாம், சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள கருவியாகப் பார்த்து வாங்குங்கள், இந்த 2 மீட்டர் பட்டை பிடித்திருந்தால் உரிமம் எடுக்க நாங்கள் சொல்லித்தருகிறோம்" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்குத் தெரிந்த நல்ல ஹாம்கள் இருவர் இப்படி உள்ளே வந்தவர்கள்தான்.

இதைச் சொல்லும்போது என் சொந்தக் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. உரிமம் கையில் வந்த இரவு, ரிப்பீட்டரில் முதல் முறையாக அழைத்தேன். கை நடுங்கியது. அழைப்புக்குறியைத் தப்பான வரிசையில் சொல்லிவிட்டேன். அனுபவசாலி ஒருவர் எல்லாரும் கேட்க, "முதலில் புத்தகத்தைப் படித்துவிட்டு வா" என்றார். ஐந்து மாதம் நான் பொத்தானை அழுத்தவே இல்லை. வேறொரு பெரியவர் ஒருநாள் என் பெயரைக் கேட்டு, "எங்கே தம்பி, ஆளையே காணோம்?" என்று விசாரித்ததால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எவ்வளவு அழகாகச் சுவரொட்டி அடித்தாலும், புதியவர் அழைக்கும் முதல் இரவில் பதில் வராவிட்டால், அல்லது இப்படிப் பதில் வந்தால், அவர் போய்விடுவார். ஆகவே ஓர் ஏற்பாடு செய்யுங்கள்: தினமும் இரவு எட்டரை முதல் ஒன்பது வரை, உங்கள் பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருவர் முறை வைத்துக் கட்டாயம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். யார் அழைத்தாலும் முதலில் வணக்கம் சொல்லிப் பெயரைக் கேட்க வேண்டும். திருத்தம் ஏதும் இருந்தால் மறுநாள் தனியாகச் சொல்லலாம். மூத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை எதையும் என்னால் கொடுக்க முடியாது.

தேர்வு விஷயம். தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி நடத்தும் தேர்வில் பி வகுப்புக்கு மோர்ஸ் தேவையில்லை, 9டபிள்யூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். ஊரில் இன்னும் பாதிப் பேர் "தட்டச்சு மாதிரி டக்கு டக்கு என்று தட்டத் தெரிய வேண்டுமே" என்று நினைத்துத் தயங்குகிறார்கள். மோர்ஸ் கட்டாயம் என்ற அனைத்துலக விதியே 2003-இல் எடுக்கப்பட்டுவிட்டது என்பதைச் சொல்லுங்கள். தேர்வு தமிழில் இல்லை. அதனால் என்ன, பாடத்தைத் தமிழில் நடத்தலாமே. மின்தடை, அதிர்வெண், அலைநீளம் எல்லாம் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்குத் தமிழில் சொன்னால் ஒரு மாலையில் புரியும், பிறகு மலாய்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிப் பழக வேண்டியதுதான். வாரம் ஒரு மாலை, எட்டு வாரம், கோயில் மண்டபத்தில். ஞாயிறு காலை மாமாக் கடைக் கூட்டத்தை நம்பாதீர்கள். தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் பையனும், வீட்டு வேலை முடியாத பெண்ணும் அந்த நேரத்துக்கு வர முடியாது.

பெண்கள் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். நம் வட்டாரக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை, இல்லையா? 2004 டிசம்பரில் இந்தியாவின் பாரதி பிரசாத், அழைப்புக்குறி வியூ2ஆர்பிஐ, அந்தமானில் ஹாம் நிலையம் இயக்கப் போயிருந்தார். 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. போர்ட் பிளேரில் தொலைபேசி அறுந்த நிலையில் அவருடைய குழுதான் உயிரோடு இருப்பவர்களின் செய்தியை நிலப்பகுதியில் இருந்த குடும்பங்களுக்குச் சேர்த்தது. இந்தக் கதையை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லாதீர்கள், சாரணியர் குழுவுக்கும் போய்ச் சொல்லுங்கள். ஒவ்வோர் அக்டோபரிலும் மூன்றாம் வாரக் கடைசியில் சாரணர்களின் வானலை ஜம்போரி நடக்கிறது, 1958 முதல் நடக்கிறது. உங்கள் வருடாந்தர நிகழ்ச்சியை அந்த நாளோடு சேர்த்துவிடுங்கள், பள்ளியின் அனுமதியும் எளிதாகும்.

ஆனால் பேரிடரைக் காட்டியே ஆள் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. 2014 டிசம்பரில் கிளந்தானும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். மின்சாரம் போய்க் கைப்பேசி சார்ஜ் தீர்ந்தபின் கூரைமேல் நின்றவர்களின் நிலைமையை மறக்க முடியாது. வானொலி அங்கே உதவும். என்றாலும் வராத வெள்ளத்துக்காக யாரும் ஐந்து வருடம் ஆர்வத்தோடு பழக மாட்டார்கள். பிடித்துப்போய்ப் பழகியவர்கள்தான் வெள்ளம் வந்தால் உதவுவார்கள்.

கணினிப் பிள்ளைகளுக்கு வேறு கதவு. கணினியை வானொலியோடு இணைத்துச் சிறு செய்தி அனுப்பும் எஃப்டி8 என்ற முறையை 2017-இல் வெளியிட்டவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், பல்சார் என்ற துடிக்கும் விண்மீன் பற்றிய ஆய்வுக்காக 1993-இல் இயற்பியல் நோபல் பெற்றவர். விண்மீனின் மெல்லிய துடிப்பை இரைச்சலுக்குள்ளிருந்து எடுத்த அறிவு, 15 வினாடிக்கு ஒரு முறை ஒரு சின்னச் செய்தியை இரைச்சலுக்குள்ளிருந்து எடுக்கவும் உதவுகிறது. நம் மூத்தவர்கள் சிலர் இதை "கணினியோடு கணினி பேசுவது" என்று ஒதுக்குகிறார்கள். தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த ஆற்றலில் வெகுதூரம் எட்டும் லோரா என்ற சின்ன வானொலிப் பலகைகளை வைத்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தி தாவும் மெஷ்டாஸ்டிக் வலை அமைப்பதும் அப்படியே. கைப்பேசிக் கோபுரம் எட்டாத செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து குறுஞ்செய்தி அனுப்ப முடிகிறது என்றால் தோட்டத்துப் பையனுக்கு அதன் பயன் உடனே விளங்கும். செம்பனை ஓலை ஈரத்தோடு அலையை விழுங்கும். கருவியை ஓலைக்கு மேலே உயர்த்தினால் எட்டும் தூரம் எப்படிக் கூடுகிறது என்பதை அவர்களே அளந்து பார்க்கட்டும். ஒரே நிபந்தனை, நம் பேராக்கில் இடி மின்னல் அதிகம். மதியம் வானம் கறுத்ததும் கம்பியைக் கழற்றும் பழக்கத்தை முதல் வாரமே ஊட்டிவிடுங்கள்.

பெற்றோர் "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும், பால்மரத்திலிருந்தும் செம்பனையிலிருந்தும் பிள்ளையை மீட்க நினைப்பவர்கள் அவர்கள். நேராகப் பதில் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் பாயான் லெப்பாஸ். 1972 முதல் இன்டெல் இருக்கும் இடம். காவல்படைகள் பயன்படுத்தும் இருவழி வானொலிகளை வடிவமைக்கும் மோட்டரோலா சொல்யூஷன்ஸ் கூடமும் பினாங்கில்தான். அலைவரிசை, ஆன்டெனா, அளவுக்கருவி என்றால் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு அங்கே நேர்முகத்தில் பேச ஏதாவது இருக்கும். வேலை நிச்சயம் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நிகழ்ச்சிக்கு என்ன பெயர் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். "வானொலி" என்று போட்டால் மின்னல் எஃப்எம் அறிவிப்பாளர் பயிற்சி என்று நினைத்து ஓர் அம்மா மகளை அழைத்து வந்தது எனக்கு நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளை ஏமாந்து திரும்பியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. சுவரொட்டியில் "செயற்கைக்கோளின் குரலைக் கையால் பிடிக்கலாம், வாருங்கள்" என்று எழுதி, இடத்தையும் நேரத்தையும் போடுங்கள். பழைய பெரிய மேசைக் கருவியின் படம் வேண்டாம். திடலில் யாகியோடு நிற்கும் உங்கள் ஊர்ப் பிள்ளையின் படம், பெற்றோர் சம்மதத்தோடு, போதும்.

முதல் மாலைக்கு ஒரு சனிக்கிழமையைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஐஓ-86 கடக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து, பிள்ளைகளை அதற்கு அரை மணி முன்னால் வரச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எனக்குத் தெரிவியுங்கள். என்னிடம் அளவு நாடா யாகி இரண்டு சும்மா கிடக்கின்றன, கேபிளோடு எடுத்துக்கொண்டு வருகிறேன்.